எஸ்ரா பெல்டிங்கின் கடைசிச் சுருள்

கோலியர்ஸ் வுட்டில் சிவானந்தனின் கதவைச் சனிக்கிழமைக் காலைகளில் தட்டுகிறவர்கள் இரண்டு வகை. பழைய கலியாண வீடியோக் கசெட்டை மாற்றித் தரச் சொல்லி வருகிறவர்கள் ஒரு வகை. தொலைந்த சாமானைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி வருகிறவர்கள் மற்ற வகை. முப்பத்தொரு வருடம் லண்டன் முழுக்கக் கலியாண வீடு, பூப்படைந்த பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடு என்று கமராவைத் தோளில் சுமந்த மனிதர் அவர். ஒருமுறை மண்டபத்தில் காணாமற்போன தாலிக்கொடியை, எடுத்த படத்தையே நாலு தரம் ஓட்டிப் பார்த்து, ஐயரின் அரிசிப் பைக்குள் இருக்கிறது என்று சொன்னார். அங்கேதான் இருந்தது. அன்று பிடித்த தொல்லை இன்னும் அவரை விடவில்லை.

அன்றைக்கு வந்தவள் இரண்டு வகையிலும் சேராதவள். வாசலில் நின்றபடியே அழத் தொடங்கிவிட்டாள்.

“முதல்லை உள்ளை வாங்கோ, பிள்ளை. அழுகிறதை இருந்துகொண்டு அழலாம்,” என்றார் சிவானந்தன்.

உள்ளே துஷாந்தன் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சுவிஸில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து பஸ் ஓட்டுகிறவன். வயது நாற்பத்தைந்து. லீவு நாள் வந்தால் வீட்டில் மனைவி தேடினாலும் ஆள் இங்கேதான் இருப்பான். அழுகைச் சத்தம் கேட்டதும் கையைக்கூடக் கழுவாமல் எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டான். அவன் முகத்தில் இருந்த சந்தோசம் கொஞ்சம் வெட்கக்கேடானதுதான், ஆனால் மறைக்கத் தெரியாத மனுசன்.

வந்தவள் பெயர் ஜெஸ்ரின். மன்னாரைச் சேர்ந்தவள். முதியவர்களை அவர்கள் வீட்டிலேயே பராமரிக்கும் வேலைக்காக ஒரு ஏஜென்சியின் விசாவில் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கடைசி எட்டு மாதம் இல்ஃபோர்டில் சபாரத்தினம் என்ற பெரியவரைப் பார்த்துக்கொண்டாள். போன மாதம் அவர் காலமாகிவிட்டார்.

“நான் களவெடுக்கேல்லை, அங்கிள்,” என்றாள். “ஐயாட்டை ஒரு பழைய பிலிம் சுருள் இருந்தது. தகர டப்பாவுக்குள்ளை. ஐயா செத்த பிறகு அதைக் காணேல்லையாம். நான்தான் கொண்டுபோனன் எண்டு மகன் ஏஜென்சிக்கு எழுதிப்போட்டார். என்னை வேலையாலை நிப்பாட்டி வைச்சிருக்கினம். திங்கக்கிழமை விசாரணை.”

“வேலை போனால் விசா?”

“அறுவது நாளுக்குள்ளை வேறை ஆரும் எடுக்கவேணும். இல்லையெண்டால் திரும்பிப் போகவேணும். களவெடுத்தவள் எண்டு எழுதின பிறகு என்னை ஆர் எடுப்பினம், அங்கிள்? மன்னாரிலை என்ரை பிள்ளை பள்ளிக்கூடத்திலை ‘அம்மா லண்டனிலை நேர்ஸ் மாதிரி’ எண்டு சொல்லிக்கொண்டு திரியுது.”

சிவானந்தன் தேத்தண்ணிக் கோப்பையை அவள் பக்கம் தள்ளி வைத்தார். “சாட்சி எண்டு என்ன காட்டினவை?”

அவள் கைத்தொலைபேசியை நீட்டினாள். சபாரத்தினம் வீட்டுக் கதவு மணியில் இருந்த கமரா பிடித்த படம். வெள்ளிக்கிழமை, பகல் ஒன்று ஐந்து. ஜெஸ்ரின் வாசலால் இறங்கிப் போகிறாள். வலது கையில் ஒரு துணிப்பை. பைக்குள் வட்டமாக, சாப்பாட்டுத் தட்டளவில் ஏதோ ஒன்று. கேற்றடியில் ஒரு காற்று வருகிறது, அவள் சால்வையைப் பிடிக்கிறாள், அவ்வளவுதான்.

“அது கேக் தட்டம், அங்கிள். ஐயாவுக்குப் பிறந்தநாள் எண்டு கேக் அடிச்சுக் கொண்டுபோனனான். வெறுந்தட்டத்தைத் திருப்பிக் கொண்டுவந்தனான்.”

சிவானந்தன் அதை ஐந்து தரம் பார்த்தார். ஆறாவது தரம் துஷாந்தனிடம் கொடுத்தார்.

“வட்டமாய்த்தான் இருக்கு, அண்ணை,” என்றான் துஷாந்தன் சங்கடத்தோடு.

“வட்டத்தைப் பாக்காதை. தோளைப் பார்,” என்றார் அவர். “சரி, வெளிக்கிடுங்கோ. இல்ஃபோர்டுக்குப் போவம்.”

---

எலிசபெத் ரயிலில் துஷாந்தன் மூன்று குற்றவாளிகளைக் கண்டுபிடித்துவிட்டான். முதலாவது, ஜெஸ்ரின் வழியில் சொன்னபடி, அந்தச் சுருளை விலைக்குக் கேட்டு இரண்டு தரம் போன் பண்ணிய ஒரு ஜெர்மன்காரன். இரண்டாவது, பெரியவரின் மகனே. மூன்றாவது, செத்தவீட்டுக்கு வந்த நூற்றைம்பது பேரில் யாரோ ஒருவர். “சுவிஸிலை எண்டால் இப்ப எல்லாற்றை கைரேகையும் எடுத்திருப்பாங்கள், அண்ணை,” என்று முடித்தான். சிவானந்தன் யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கதவைத் திறந்தவள் மருமகள் சிவரூபினி. ஜெஸ்ரினைக் கண்டதும் அவள் முகம் இறுகியது, ஆனாலும் “வாங்கோ” என்றாள். உள்ளே கால் வைத்ததுமே கற்பூர மணம் மெல்ல மூக்கில் பட்டது.

“நல்ல சாமி வீடு, அண்ணை,” என்று துஷாந்தன் காதுக்குள் சொன்னான்.

ஹோலின் ஓரத்தில், மாடிப்படிக்குக் கீழே, ஒரு பழைய அலுமாரியைச் சாமித் தட்டாக்கியிருந்தார்கள். கதவுக்குப் பதிலாக மஞ்சள் திரை. திரை முழுக்க இழுத்து மூடியிருந்தது. சாவு நடந்த வீட்டில் முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு. சாமிக்கு விளக்கு வைக்கமாட்டார்கள், திரையைத் தொடவும் மாட்டார்கள். அன்றைக்கு முப்பதாவது நாள். அடுத்த நாள் துடக்குக் கழிக்கும் அந்தியேட்டிக் கிரியை, அதற்கான வாழையிலையும் பாத்திரங்களும் ஹோலிலேயே அடுக்கிக் கிடந்தன.

மகன் சஞ்சயன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். நாற்பத்தெட்டு வயது, ஒரு மாதத் தாடி, தூக்கமில்லாத கண்கள். “அண்ணை, உங்களை எனக்குத் தெரியும். என்ரை கலியாணத்துக்கு நீங்கள்தான் வீடியோ. அதாலை மரியாதைக்கு உள்ளை விட்டிருக்கிறன். உவவை எதுக்குக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?”

“இருக்கட்டும், தம்பி. ஒரு மணித்தியாலம் தாங்கோ. அதுக்குப் பிறகும் நீங்கள் போகச் சொன்னால் போறம்.”

சஞ்சயன் கெட்டவனில்லை. தகப்பனைப் பறிகொடுத்த ஆத்திரத்தை இறக்கி வைக்க ஓரிடம் தேவைப்பட்ட மனிதன். சோபாவில் இருந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான்.

அந்த வெள்ளிக்கிழமை கடும் வெயில். சஞ்சயனும் சிவரூபினியும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஜெஸ்ரின் காலை ஒன்பதுக்கு வந்து ஒரு மணிக்குப் போனாள். நாலு பத்துக்குச் சிவரூபினி வீட்டுக்கு வந்தபோது பெரியவர் ஹோலில் விழுந்து கிடந்தார், பேச்சு மூச்சில்லை. அம்புலன்ஸ் வந்தது. அன்று இரவே ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

“ஒண்டு அஞ்சுக்கும் நாலு பத்துக்கும் இடையிலை கமராவிலை வேறை ஆரும் வந்தவையோ?”

“ஒருத்தரும் இல்லை. பின்கதவு உள்ளுக்குள்ளாலை பூட்டு. அதுதான் அண்ணை சொல்லுறன், அவவைத் தவிர ஆள் இல்லை. திங்கக்கிழமை அந்தப் பிலிமை எடுக்க ஆக்கள் வாறதாய் இருந்தது. அதுக்கு எடுத்து வைப்பம் எண்டு பாத்தால் டப்பாவைக் காணேல்லை. மூண்டு நாள் வீட்டைக் கிண்டினம். லொப்ட், கராஜ், கட்டிலுக்குக் கீழை, உடுப்பு அலுமாரி, ஒண்டும் விடேல்லை.”

“இன்னொண்டு இருக்கு, அண்ணை,” என்றாள் சிவரூபினி. சொல்லத் தயங்கியதுபோல இருந்தது. “சொன்னால் குறையாய் எடுக்கக்கூடாது. ஆஸ்பத்திரியாலை விடியப்புறம் நான்தான் முதல்லை வீட்டை வந்தனான். குசினியிலை மைக்ரோவேவுக்கு மேலை எங்கடை குத்துவிளக்கு, கற்பூர டப்பா, நெருப்புப்பெட்டி மூண்டும் இருந்தது. சாமித் தட்டிலை இருக்கிற சாமான் அது. நான் எடுக்கேல்லை, இவரும் எடுக்கேல்லை. ஜெஸ்ரின் வேதக்காரப் பிள்ளை, சேர்ச்சுக்குப் போறவ. அவவுக்கு எங்கடை சாமித் தட்டிலை என்ன வேலை? கை வைக்கிறவ எதிலையும் வைப்பா எண்டு மனசுக்குப் பட்டுது.”

“நான் அந்தத் திரைக்குக் கிட்டவும் போறதில்லை, அக்கா,” என்றாள் ஜெஸ்ரின். “பிழையாய்ப் போயிடும் எண்டு பயம்.”

“அந்தக் கற்பூர டப்பா இப்ப எங்கை?” என்று கேட்டார் சிவானந்தன்.

“செத்தவீட்டுக் கிரியைக்கு அப்பிடியே குடுத்து முடிஞ்சுது. நாளைக்குப் புதுசு வாங்கவேணும்.”

“திரையை ஆர் இழுத்து மூடினது?”

“நான் வரேக்கை மூடித்தான் இருந்தது. மாமியவை ஆரும் இழுத்துவிட்டிருப்பினம்.”

“விடியப்புறம் முதல்லை வந்தது நீங்கள் எண்டல்லோ சொன்னனீங்கள்?”

சிவரூபினி வாயைத் திறந்து, யோசித்து, மூடினாள். சிவானந்தன் அதைத் தொடரவில்லை. பெரியவரின் அறையைப் பார்க்கலாமா என்று கேட்டார்.

கீழ்த்தளத்தில் முன்பக்க அறை. பெரிய யன்னல், தெற்குப் பார்த்தது, வெயில் அப்படியே கட்டிலில் விழுந்தது. மூலையில் பெரியவர் நடக்கப் பாவித்த தள்ளு ட்ரொலி நின்றது, முன்னுக்கு ஒரு வெள்ளைத் தட்டோடு. சிவானந்தன் குனிந்து தட்டைப் பார்த்தார். துஷாந்தனும் குனிந்தான், இருவர் தலையும் முட்டிக்கொண்டன.

“என்ன தெரியுது?”

“கறள், அண்ணை. வட்டமாய்த் துருப்பிடிச்ச அடையாளம். சாப்பாட்டுத் தட்டளவு.”

“ஐயா போன பிறகு இதை ஆரும் பாவிச்சதோ?” என்று கதவடியில் நின்ற சஞ்சயனைக் கேட்டார்.

“இல்லை. கொண்டுவந்து விட்ட இடத்திலேயே நிக்குது. பாக்க ஏலாமல் கிடக்கு.”

“பிள்ளை, நீங்கள் ஒவ்வொரு நாளும் செய்த வேலையை எங்கை எழுதுறனீங்கள்?”

மேசையில் நீலப் பதிவுப் புத்தகம் இன்னும் கிடந்தது. கடைசிப் பக்கத்தில் ஜெஸ்ரினின் எழுத்து. மருந்து கொடுத்தது, சாப்பாடு, குளிப்பாட்டியது. கடைசி வரி: “12.50, ட்ரொலி கிருமிநாசினி போட்டுத் துடைத்தது.” சிவானந்தன் அந்த வரியில் விரலை வைத்து ஒரு நிமிடம் நின்றார். அந்த விரலைத் துஷாந்தன் பார்த்தான். ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் விளங்கியவன்போலத் தலையாட்டினான்.

பதிவுப் புத்தகத்துக்குக் கீழே வேறொரு கொப்பி இருந்தது. மொத்தக் கொப்பி, மட்டையில் தமிழில் “எஸ்ரா பெல்டிங்: தொழில் வரலாறு” என்று எழுதியிருந்தது.

“இது அப்பான்ரை பைத்தியம்,” என்றான் சஞ்சயன். குரல் கொஞ்சம் இளகியது. “அமெரிக்காவிலை பேசாப்படக் காலத்து டைரக்டர் ஒருத்தர். எண்பத்தேழிலை வால்தம்ஸ்டோ சந்தையிலை அந்தச் சுருளை வாங்கினவர். அதுக்குப் பிறகு லைப்ரரி லைப்ரரியாய்ப் போய், அமெரிக்காவுக்குக் கடிதம் போட்டு, அந்தாளைப் பற்றி ஒவ்வொண்டாய்த் தேடி எழுதினவர். பெற்றோல் செட்டிலை இருவத்திரண்டு வருசம் நிண்ட மனுசனுக்கு அது ஒண்டுதான் ஆசை.”

சிவானந்தன் கட்டிலில் இருந்து வாசிக்கத் தொடங்கினார். துஷாந்தனின் பொறுமைக்கு அது பெரிய சோதனை. இடையிடையே அவர் உரத்து வாசித்த பகுதிகளால்தான் அவன் தப்பினான்.

பெல்டிங் பதினேழு வயதில் சீப்புத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர். “பஞ்சையும் அமிலத்தையும் கற்பூரத்தையும் சேர்த்துக் காய்ச்சிச் சீப்புச் செய்தார்கள். அதே பொருளை மெல்லிதாக இழுத்தால் பிலிம். ஆகவே அவர் படத்தொழிலுக்கு வந்ததில் வியப்பில்லை” என்று பெரியவர் எழுதியிருந்தார். கமராக்காரனுக்கு முக்காலி சுமந்தார். 1911இல் முதற்படம், பன்னிரண்டு நிமிடம். பிறகு மாதத்துக்கு ஒரு படம். கலிபோர்னியா போனபின் பெரிய படங்கள். கதையைத் தாளில் எழுதமாட்டார், சட்டைக் கையில் பென்சிலால் கீறி வைத்திருப்பார். அதனால் அவருடைய சலவைக்காரிக்குத்தான் அவர் படங்களின் முடிவு முதலில் தெரியும் என்று கொப்பி சொன்னது.

“நல்ல மனுசன்,” என்றான் துஷாந்தன்.

“கேள்,” என்றார் சிவானந்தன். அந்த இடத்திலிருந்து எழுத்து மாறியிருந்தது. பெரியவருக்குக் கண் மங்கிய பிறகு அவர் சொல்லச்சொல்ல ஜெஸ்ரின் எழுதிய பக்கங்கள் அவை. “1928. கடைசிப் படம். முதலாளிக்கு முடிவு பிடிக்கவில்லை, வெட்டச் சொன்னார். பெல்டிங் இரவோடிரவாகக் கடைசிச் சுருளை ஒளித்துவிட்டார். முதலாளியின் ஆட்கள் மூன்று வாரம் ஸ்ரூடியோவைக் கிண்டினார்கள். ஒரேயொரு பெட்டியைத்தான் திறக்கவில்லை. அதன்மேல் ‘உயிருள்ள பாம்பு’ என்று எழுதியிருந்தது. கடைசியில் பெல்டிங்கின் முடிவோடுதான் படம் வெளியானது.” அடுத்த வருடம் பேசும்படம் வந்தது, அவரை யாரும் கூப்பிடவில்லை. சாகும்வரை ஒரு சின்ன ஊரில் பெற்றோல் நிலையம் நடத்தினார். நாற்பத்துமூன்று படங்களில் மூன்றுதான் முழுதாக மிஞ்சின. கடைசிப் படத்தில் மிஞ்சியதெல்லாம் சபாரத்தினத்திடம் இருந்த அந்தக் கடைசிச் சுருள் மட்டுமே.

“ஐயா அந்தப் பாம்புப் பெட்டிக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்,” என்றாள் ஜெஸ்ரின். “கண் வடிவாய்த் தெரியாது அவருக்கு. நான் கையுறை போட்டு, யன்னல் வெளிச்சத்திலை பிலிமைப் பிடிச்சு, ஒவ்வொரு படமாய்ப் பாத்துச் சொல்லுவன். ‘இப்ப அவள் கடலைப் பாக்கிறாள் ஐயா, இப்ப திரும்புறாள் ஐயா’ எண்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.”

 சிவானந்தன் கொப்பியை மூடிவிட்டு, சுருளை எடுக்க வரவிருந்த படக் காப்பகத்தின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கினார். ஹெலன் என்ற பெண் எடுத்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி அவர் சத்தத்தைக் கூட்டினார். பெரியவர் கடைசியாக எப்போது பேசினார் என்று கேட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கு என்றாள் ஹெலன். அறை அடுப்புப்போலக் கொதிக்கிறது, பிலிமுக்கு ஏதும் ஆகுமா என்று பதறிக் கேட்டாராம். பழைய பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும், வெயில் படாத சுவரோரம், வீட்டில் ஆகக் குளிரான இடத்தில், நெருப்புக்குத் தூரமாக வையுங்கள், திங்கட்கிழமை வருகிறோம் என்று அவள் சொன்னாளாம்.

“இதை நீங்கள் வீட்டாருக்குச் சொல்லவில்லையா?”

“யாரும் கேட்கவில்லையே,” என்றாள் ஹெலன். இன்றைக்கே குளிர்ப்பெட்டியோடு வரமுடியுமா என்று சிவானந்தன் கேட்டபோது, இரண்டு மணித்தியாலத்தில் வருகிறேன் என்றாள்.

சஞ்சயன் கதவடியிலிருந்து உள்ளே வந்தான். “என்னத்தை எடுக்க வாறா, அண்ணை?”

“எல்லாரும் ஹோலுக்கு வாங்கோ,” என்றார் சிவானந்தன். “தங்கச்சி, குசினியிலை அடுப்பு எரிஞ்சால் நூத்துப்போட்டு வாங்கோ.”

---

வாழையிலைக் கட்டுகளை ஒதுக்கிவிட்டு எல்லோரும் ஹோலில் நின்றார்கள். ஜெஸ்ரின் மட்டும் வாசலோரத்தில், எந்த நேரமும் வெளியே போகச் சொல்வார்கள் என்பதுபோல.

“முதல்லை அந்த வீடியோ,” என்று தொடங்கினார் சிவானந்தன். “கலியாண வீட்டிலை வெள்ளித் தாம்பாளம் கொண்டு வாறவையையும் வெறும் பெட்டி கொண்டு வாறவையையும் முப்பது வருசம் பாத்தனான். பாரம் ஒரு கையிலை இருந்தால் மற்றத் தோள் தானாய் உயரும். அந்தப் பிலிம் டப்பா மூண்டு கிலோ. இந்தப் பிள்ளையின்ரை ரெண்டு தோளும் சமன். கேற்றடியிலை காத்து வரேக்கை சால்வையோடை பையும் சேந்து எழும்புது. மூண்டு கிலோ காத்துக்கு எழும்பாது. அது கேக் தட்டம்தான்.”

“அப்ப ஜெர்மன்காரன்?” என்றான் துஷாந்தன்.

“நீ பொறு. ரெண்டாவது, ட்ரொலித் தட்டிலை கறள் வட்டம். இந்தப் பிள்ளை பன்னெண்டு அம்பதுக்குத் துடைச்சு எழுதியிருக்கு. கிருமிநாசினி போட்டுத் துடைச்சால் கறள் நிக்காது. அப்ப அந்த வட்டம் அதுக்குப் பிறகு வந்தது. ஒண்டு அஞ்சுக்குப் பிள்ளை போயிட்டுது. அதுக்குப் பிறகு வீட்டிலை இருந்தது ஆர்?”

“அப்பா மட்டும்,” என்றான் சஞ்சயன் மெதுவாக.

“கையாலை தூக்கக்கூடிய ஆளுக்கு ட்ரொலி தேவையில்லை, தம்பி. தூக்க ஏலாத மனுசன்தான் ட்ரொலியிலை வைச்சுத் தள்ளுவார். ஒண்டரைக்கு ஹெலன் சொல்லுறா, குளிரான இடத்திலை வையுங்கோ எண்டு. ஐயாவாலை மாடி ஏற ஏலாது. கீழ்வீட்டிலை வெயில் படாத சுவர் எது? இந்த மாடிப்படிக்குக் கீழை.”

எல்லோரும் மஞ்சள் திரையைப் பார்த்தார்கள்.

“ஆனால் அங்கை விளக்கு இருக்கு, கற்பூரம் இருக்கு, நெருப்புப்பெட்டி இருக்கு. பிலிம் தீப்பிடிக்கும் எண்டு முப்பத்தெட்டு வருசமாய் அந்த மனுசனுக்குத் தெரியும். என்ன செய்வார்? நெருப்புச் சாமான் எல்லாத்தையும் ட்ரொலித் தட்டிலை வைச்சுக் குசினிக்குத் தள்ளிக்கொண்டு போவார். பிறகு டப்பாவை உள்ளை வைச்சுத் திரையை இழுத்துவிடுவார். தங்கச்சி, நீங்கள் வரமுந்தியே திரை மூடினது அதாலைதான். வேலையாலை வாற மருமகளிட்டைச் சொல்லுவம் எண்டு ஹோலிலை நிண்டிருப்பார். அதுக்கிடையிலை விழுந்திட்டார்.”

“ஐயோ மாமா,” என்றாள் சிவரூபினி.

“கதவைத் திறந்ததும் கற்பூர மணம் வந்தது. எனக்கு அப்பவே இடிச்சுது. முப்பது நாளாய் விளக்கு வைக்காத வீடு. இருந்த கற்பூரமும் செத்தவீட்டோடை முடிஞ்சுது. மணம் எங்காலை? பஞ்சும் கற்பூரமும் சேத்துச் செய்த சாமான் எண்டு ஐயாவே கொப்பியிலை எழுதி வைச்சிருக்கிறார். வெக்கைக்கு மணம் வெளியிலை வருது. நாங்கள் எல்லாரும் கற்பூரம் எண்டால் சாமி எண்டு நினைக்கிற ஆக்கள். ஒருத்தருக்கும் சந்தேகம் வராது.”

“மூண்டு நாள் கிண்டினமே, அண்ணை,” என்றான் சஞ்சயன். 

“கிண்டினீங்கள். துடக்கு எண்டு இந்தத் திரையை மட்டும் தொடேல்லை. அது உங்கடை குற்றமில்லை, எந்தச் சைவ வீட்டிலையும் அப்பிடித்தான். பெல்டிங்குக்குப் பாம்புப் பெட்டி வாய்ச்ச மாதிரி, ஐயாவுக்கு அவர் நினையாமலே இது வாய்ச்சுப்போச்சு. ஆனால் தம்பி, நாளைக்குப் பின்னேரம் கிரியை முடிஞ்சு வந்து, திரைக்கு முன்னாலை நிண்டு கற்பூரம் கொளுத்தியிருப்பீங்கள். வீடே பத்தியிருக்கும்.”

துஷாந்தன் திரையிலிருந்து இரண்டு அடி பின்னுக்கு நகர்ந்தான்.

சிவானந்தன் திரையை நோக்கி ஓர் அடி வைத்தார். சஞ்சயன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினான்.

“வேண்டாம், அண்ணை.” வாசற்பக்கம் திரும்பினான். “ஜெஸ்ரின், நீங்கள் எடுங்கோ. எங்களுக்குத் துடக்கு, தொட ஏலாது. உங்களுக்கு இல்லை.”

“நானோ? அது உங்கடை சாமி, அண்ணை.”

“அப்பா அந்தச் சுருளைத் தொட விட்டது உங்களை மட்டும்தான். நீங்கள்தான் எடுக்கவேணும்.”

ஜெஸ்ரின் சப்பாத்தைக் கழற்றினாள். குசினிக்குப் போய்க் கையைக் கழுவி, துடைத்துக்கொண்டு வந்தாள். திரைக்கு முன்னால் ஒரு கணம் நின்று நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டாள். சிவரூபினியின் கண்ணில் நீர் வந்துவிட்டது. திரை விலகியது. பிள்ளையார் படத்துக்கும் முருகன் படத்துக்கும் கீழே, பழைய சேலை ஒன்றை மடித்து, அதன்மேல் தகர டப்பாவை வைத்திருந்தார் பெரியவர். ஜெஸ்ரின் இரண்டு கையாலும் தூக்கினாள். டப்பாவின் மூடியில் ஒரு கடித உறை ஒட்டியிருந்தது.

உறைக்குள் காப்பகத்தின் படிவம். சஞ்சயன் வாங்கி விரித்தான். கண் மங்கியவர் தடித்த பேனையால் எழுதிய பெரிய, சரிந்த ஆங்கில எழுத்துகள். கொடுப்பவர் பெயர், விலாசம், சுருளின் விவரம். கடைசியில் ஒரு கேள்வி: படத்தைத் திரையிடும்போது தொடக்கத்தில் யாருக்கு நன்றி தெரிவிக்க விரும்புகிறீர்கள்?

சஞ்சயன் அதை ஒருதரம் தனக்குள் வாசித்தான். பிறகு எல்லோருக்கும் தமிழில் சொன்னான். “‘எனக்குக் கண்ணாய் இருந்து இந்தப் படத்தை எனக்குக் காட்டின ஜெஸ்ரினுக்கு’ எண்டு எழுதியிருக்கு.”

ஜெஸ்ரின் டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி அப்படியே தரையில் இருந்துவிட்டாள். சிவரூபினி பக்கத்தில் போய் இருந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். “என்னை மன்னிச்சுக்கொள்ளும், பிள்ளை. விளக்கை நீர் எடுத்தீர் எண்டு நினைச்சனே” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சஞ்சயன் போனை எடுத்து ஏஜென்சியின் அவசர இலக்கத்துக்கு அடித்தான். சாமான் வீட்டிலேயே இருந்தது, என் தகப்பனே வைத்தது, அந்தப் பெண்மேல் நான் சொன்னது முழுக்க என் பிழை, அதை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள் என்றான். எழுத்தில் வேண்டும் என்றார்கள். நின்ற நிலையிலேயே மின்னஞ்சல் அடித்து, அனுப்பமுன் ஜெஸ்ரினிடம் காட்டினான். “இதிலை குறைஞ்சது ஏதும் இருந்தால் சொல்லுங்கோ.” இருபது நிமிடத்தில் அவள் போனுக்குப் பதில் வந்தது. திங்கட்கிழமை விசாரணை இல்லை, செவ்வாய்க்கிழமை ஒன்பது மணி ஷிப்டுக்கு வரவும்.

“கர்த்தரே, நன்றி,” என்றாள் ஜெஸ்ரின். பிறகு சிவானந்தனைப் பார்த்தாள். “அங்கிள், உங்களுக்கு நான் என்ன செய்யப்போறன்?”

“படம் போடுற அண்டைக்கு எனக்குப் பக்கத்திலை இருந்து கதையைச் சொல்லுங்கோ, பிள்ளை. பேசாப்படம் எனக்கு விளங்காது,” என்றார் சிவானந்தன். துஷாந்தன் சத்தமாகச் சிரித்து, செத்தவீடு என்ற நினைப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டான். சஞ்சயனும் சிரித்தான். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதற் சிரிப்பு அது என்று சிவரூபினி பிறகு சொன்னாள்.

ஹெலனின் வான் வந்து நின்றது. டப்பாவைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துக் கொடுத்துவிட்டு ஜெஸ்ரின் வாசலில் நின்றபோது, சஞ்சயன் பின்னால் வந்தான்.

“நாளைக்கு அப்பான்ரை அந்தியேட்டி. நீங்கள் வரவேணும், ஜெஸ்ரின். கேக்க எனக்கு முகமில்லை, ஆனால் வரவேணும்.”

“வருவன், அண்ணை,” என்றாள் அவள். “அண்டைக்கு ‘போயிட்டு வாறன் ஐயா’ எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனனான். வந்து சொல்ல எனக்கும் ஒரு நன்றி கிடக்கு.”